பெட்டியின் அடுக்குகள்

"பெட்டியை விடாதீங்க. இன்னும் ஒண்ணு இருக்கு."

கண்ணைத் திரையிலிருந்து எடுக்காமல் சொன்னாள் திரைக்காரி. விமான நிலையத்தில், பயணிகளின் பெட்டிகளை ஊடுருவிப் பார்க்கும் இயந்திரத்தின் முன்னால் உட்காருவது அவள் வேலை. அதனால் வந்த பட்டப்பெயர்.

புது இயந்திரம் அது. பழையதைப்போல எல்லாவற்றையும் ஒன்றின்மேல் ஒன்றாக நசுக்கித் தட்டையாகக் காட்டாது. பெட்டி முழு உருவமாக எழுந்து நிற்கும். திருப்பலாம், கவிழ்க்கலாம், வெங்காயம்போல அடுக்கடுக்காக உரிக்கலாம். துணிமணி ஆரஞ்சு நிறம், இரும்பு நீலம். ஆரஞ்சையெல்லாம் அவள் ஒதுக்கித் தள்ளினாள். நீலத்தில் முதலில் ஒரு காய்கறிக் கத்தி தெரிந்தது. திருப்பினாள், ஒரு கத்தரிக்கோல். கவிழ்த்தாள், அடியில் ஒரு திருப்புளி.

"ஒண்ணுன்னா மறதி," என்றார் பின்னால் நின்ற கண்காணிப்பாளர். அவரை எல்லோரும் கறார் என்பார்கள். "மூணுன்னா என்னன்னு நான் கேக்க மாட்டேன். போலீஸ் கேக்கட்டும்."

பெட்டிக்குச் சொந்தக்காரி பள்ளிக்கூடத்தை இப்போதுதான் முடித்தவளைப்போல இருந்தாள். கூட வந்தவர் அவளுடைய சித்தப்பா. மடிப்புக் கலையாத சட்டை, குழைவான பேச்சு. கைக்குக் கிடைத்ததையெல்லாம் அள்ளிப் போட்டிருக்கிறாள், அடுப்பைத் தூக்கி வராமல் விட்டாளே என்று சந்தோஷப்படுங்கள் என்றார். வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

விமானத்துக்கு நேரமாகிவிட்டது. போலீஸ் விசாரணை என்று போனால் அது கிடைக்காது. சித்தப்பா திரைக்காரியின் பக்கம் குனிந்தார்.

"இன்னிக்குப் போய்ச் சேரலன்னா சீட்டு போயிடும்மா. எங்க குடும்பத்துலயே காலேஜ் வாசலை மிதிக்கப்போற முதல் பொண்ணு இதுதான்."

அந்த வார்த்தை திரைக்காரிக்குச் சுருக்கென்று தைத்தது. அவள் வீட்டிலும் அவள்தான் முதல். நுழைவுத் தேர்வு நாளில் பேருந்து பழுதாகி, மூச்சிரைக்க ஓடிவந்தவளைக் கதவுக்கு வெளியே நிறுத்திச் சட்டம் பேசினான் ஒரு காவலாளி. ஒரு வருடம் மண்ணாய்ப் போயிற்று. அந்த வருடம் முழுக்க அப்பாவோடு போய்ச் செங்கல் சுமந்தாள். பெரிய இடத்துப் பிள்ளைகளுக்கு வில்லாய் வளைகிற சட்டம், இந்த மாதிரிப் பெண்களைக் கண்டால் மட்டும்தான் விறைத்துக்கொண்டு நிற்கும்.

என்ன படிப்பு என்று அந்தப் பெண்ணைக் கேட்டாள். நர்ஸ் படிப்பு என்றார் சித்தப்பா. கத்தி எதற்கு என்றாள். விடுதியில் பழம் நறுக்க என்றார் சித்தப்பா. பெண் தரையைப் பார்த்தபடி நின்றாள். ஒரே ஒரு தடவைதான் வாயைத் திறந்தாள்.

"போலீஸ் வந்தா வரட்டும்."

வாய்க்கொழுப்பைப் பாருங்கள் என்று சித்தப்பா தலையில் அடித்துக்கொண்டார். திரைக்காரிக்கோ அந்த வீம்பு பிடித்திருந்தது. அந்த வயதில் அவளும் அப்படித்தான். தப்புச் செய்யாதவள் எதற்குக் கெஞ்சவேண்டும்?

அந்தப் பெண்ணுக்காக இவள் கறாரிடம் கெஞ்சினாள். அது பலிக்காமல் சண்டைக்கே போனாள். போன மாதம் ஒரு பெரிய மனிதரின் மகன் பெட்டியில் இதைவிட நீளமான கத்தி கிடந்தபோது, பல்லை இளித்துக்கொண்டு வழியனுப்பி வைத்தது யார் என்று நாலு பேர் காதில் விழும்படி கேட்டாள். கறாரின் முகம் கறுத்தது.

"ஏதாவது ஆச்சுன்னா உன் தலைதான் உருளும்."

"உருளட்டும் சார். என் தலைதானே."

கத்தியும் கத்தரியும் திருப்புளியும் பறிமுதல் தொட்டியில் விழுந்தன. திரைக்காரி விமானத்தின் வாசலுக்குத் தொலைபேசியில் பேசி, படிக்கப் போகிற பெண் ஒருத்தி ஓடிவருகிறாள், கதவைச் சாத்திவிடாதீர்கள் என்று கேட்டுக்கொண்டாள். பெண்களைச் சோதிக்கும் மறைப்புக்குள் போய்விட்டு வந்த பெண்ணின் மணிக்கட்டைச் சித்தப்பா பிடித்துக்கொண்டார். இருவரும் ஓடினார்கள். திருப்பத்தில் பெண் ஒருமுறை திரும்பிப் பார்த்தாள். நன்றி சொல்லக்கூடத் தெரியவில்லை, பாவம் என்று நினைத்துக்கொண்டு திரைக்காரி கையசைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் வாசலிலிருந்து தகவல் வந்தது. ஏற்றிவிட்டார்களாம், விமானமும் கிளம்பிவிட்டதாம். அன்றைக்குத்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததற்கு ஒரு அர்த்தம் கிடைத்ததுபோல் அவளுக்கு இருந்தது.

வரிசை ஓய்ந்ததும், மறைப்புக்குள் வேலை பார்க்கும் அக்கா வெளியே வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"அந்தப் பொண்ணு ஒரு மாதிரிடி. உள்ள வந்ததும் என் கையைப் பிடிச்சுக்கிட்டு, பிளேன் போயிடுச்சாக்கான்னு கேட்டுச்சு. உனக்காக நிறுத்தி வச்சிருக்காங்க, பயப்படாதேன்னேன். உடனே அழ ஆரம்பிச்சிடுச்சு. ஏதோ சொல்ல வந்துச்சு. பேச நேரமில்ல, ஓடுன்னு நான்தான் முதுகுல தட்டி அனுப்பினேன்."

திரைக்காரி இயந்திரத்தின் பக்கம் திரும்பினாள். அந்தப் பெட்டியின் படத்தை மறுபடி திரைக்குக் கொண்டுவந்தாள். ஆபத்தில்லை என்று தன் கையாலேயே ஒதுக்கித் தள்ளிய அடுக்குகளை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு புத்தகம் இல்லை, ஒரு பேனா இல்லை. ஜரிகை இழை ஓடிய புதுச் சேலைகள், வளையல் பெட்டி, நகைப் பெட்டி என்று ஒரு கல்யாணப் பெண்ணுக்குக் கட்டிக்கொடுக்கிற சாமான்கள்தான் இருந்தன.

அவற்றுக்கிடையில் மேலே கத்தி, நடுவில் கத்தரிக்கோல், அடியில் திருப்புளி: ஒன்று கண்ணில் படாமல் போனாலும் இன்னொன்றைப் பார்த்தாவது யாராவது தன்னை நிறுத்திவிடட்டும் என்று அந்தப் பெண் அடுக்கி வைத்திருந்தாள்.