கோந்துக்கு ஒரு பரீட்சை

மூன்று வாரம் நேர்மை வகுப்பு எடுத்துத் தொண்டை கட்டிப்போன பிறகு கோச்சுக்கு ஒரு சந்தேகம் வந்தது. சொன்னதெல்லாம் இந்தப் பெண்களின் மண்டையில் ஏறியதா, இல்லை காற்றோடு போயிற்றா?

போட்டிக் குழு கொடுத்த பாடம் மூன்றே வரிதான். வாங்காதே. மறைக்காதே. யாராக இருந்தாலும் உடனே சொல். அணியில் எவளைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாள். ஒப்பிப்பதில் என்ன இருக்கிறது? வாய்ப்பாட்டைக்கூடத்தான் ஒப்பித்தார்கள், கணக்குப் பரீட்சையில் கோட்டை விடவில்லையா?

நாளை கால்பந்து இறுதிப் போட்டி. அதற்குள் ஒரு சோதனை வைத்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தார். அவருடைய மச்சான், நாடகக் குழுவில் இருக்கும் ஒருவரைப் போனில் பேசி ஏற்பாடு செய்தான். கோச் அவரை முன்பின் பார்த்ததில்லை. நாலு மணிக்கு மைதானத்துக்கு வந்து, மேட்ச்சை விலை பேசுகிற ஆள்போல் நடித்து, ஒரு பெண்ணுக்குப் பரிசு ஆசை காட்டுவார். கை நீட்டி வாங்குகிறவள் நாளை ஆட மாட்டாள். இதில் கோச் கறாராக இருந்தார்.

ஆள் மூன்றரைக்கே வந்துவிட்டார். சாமான் அறை வாசலில் நின்று இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தார்.

“அனுப்பின ஆள்தானே?” என்றார் கோச்.

“அனுப்பின ஆள்தான். மெதுவாப் பேசுங்க சார்.” நெற்றியில் நிஜமாகவே வியர்வை. அடேயப்பா, என்ன நடிப்பு!

“முதல்ல இது உங்களுக்கு. நாளைக்கு உங்க டீம் தோக்கணும். அவ்வளவுதான்.” ஆள் ஒரு சின்னப் பெட்டியை நீட்டினார். உள்ளே பளபளவென்று ஒரு வாட்ச்.

ஒத்திகையை என்னிடமே ஆரம்பித்துவிட்டாரே என்று கோச்சுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வேடம் கலைந்துவிடக் கூடாதே என்று, அவரும் தன் பங்குக்கு வாட்ச்சை வாங்கி மாட்டிக்கொண்டார். எல்லாம் முடிந்ததும் திருப்பிக் கொடுத்துவிடலாம். கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடுப்பாகத்தான் இருந்தது.

“கோல்கீப்பரைப் பிடிங்க. அவ ஒருத்தி போதும். கிளவுஸ் கிழிஞ்சு தொங்குது. அதை வெச்சு ஆரம்பிங்க” என்று யோசனையும் சொன்னார்.

ஆள் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “இவ்வளவு சுலபமா முடியும்னு நினைக்கல சார்.”

பத்தே நிமிடத்தில் தெருமுனைக் கடையிலிருந்து புத்தம் புதுக் கிளவுஸோடு திரும்பினார். கைக்காசு போட்டு நடிக்கிறாரே என்று கோச் உருகிப்போனார்.

கோல்கீப்பருக்கு அணியில் கோந்து என்று பெயர். பந்து வந்தால் கையோடு ஒட்டிக்கொள்ளும். அவளைச் சாமான் அறைக்கு அனுப்பிவிட்டு, கோச் ஜன்னலுக்கு வெளியே சுவரோடு சுவராக நின்றார். அப்போதுதான் அவருக்கு உறைத்தது. நூல் போட்டுத் தைத்துத் தைத்து அந்தக் கிழிந்த கிளவுஸோடுதான் அவள் அணியை இறுதிப் போட்டி வரை கொண்டுவந்திருந்தாள். ஒருவேளை வாங்கிவிட்டால்? பெற்ற மகளைப் போல நினைத்த பெண்ணை எந்த வாயால் உட்காரச் சொல்வது?

“ரெண்டே ரெண்டு கோல் விட்டா போதும்மா. இது உனக்குத்தான். போட்டுப் பாரு.”

 கோச் ஜன்னலோடு காதை ஒட்டிக்கொண்டார்.

“ரொம்ப நல்லாருக்கு அண்ணே” என்றாள் கோந்து. கோச்சுக்குக் கண் இருட்டியது.

“ஆனா வேணாம். நீங்களே வெச்சுக்குங்க.”

“அட, உங்க கோச்சே வாங்கிட்டாரு. உனக்கென்ன வந்துச்சு?”

பதிலுக்குக் கதவைப் படாரென்று சாத்தும் சத்தமும், வெளியே தாழ் விழும் சத்தமும்தான் கேட்டன. அடுத்த நிமிடம் மொத்த அணியும் கதவில் முதுகைக் கொடுத்து நின்றது. கோந்து கேப்டனின் போனை வாங்கிப் போட்டிக் குழுவுக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

கோச்சுக்குக் கண்ணில் நீரே வந்துவிட்டது. மூன்று வரியும் மூன்று நிமிடத்தில்! வாங்கவில்லை, மறைக்கவில்லை, சொல்லியும் விட்டாள்.

தகவல் கேட்டு விரைந்து வந்த போட்டிக் குழு மேடம் ஸ்கூட்டரை ஸ்டாண்ட் போடுவதற்குள் கோச் ஓடிவந்தார். உள்ளே ஆள் கதவை இடித்துக்கொண்டிருந்தார்.

“பயப்படாதீங்க மேடம், எல்லாம் என் ஏற்பாடுதான்! ஆளை வரவெச்சதும் நான், கோல்கீப்பரைக் காட்டிக் குடுத்ததும் நான்!” மார்பு நிமிர்ந்தது. “ஏம்மா, தாழைத் திறங்க. பாவம், அவர் நடிகர்.”

யாரும் அசையவில்லை. அந்த நேரம் பார்த்து, ஒட்டுமீசை ஒரு பக்கம் பிய்ந்து தொங்க, ஒருவர் மூச்சு வாங்க ஓடிவந்தார்.

“மன்னிச்சுக்குங்க சார், பஸ் நடுவழியில நின்னுபோச்சு. உங்க மச்சான் சொல்லி வந்தேன். யாரை விலைக்கு வாங்கணும்?”

 கோச்சின் வலது கை மெல்லப் போய் இடது மணிக்கட்டை மூடியது.

மேடம் கைப்பையிலிருந்து ஒரு நோட்டுப் புத்தகத்தை எடுத்தார். “உள்ளே இருக்குறவர்கிட்ட இந்த டீம்ல யாராவது ஏதாவது வாங்கினீங்களா?”

“பொண்ணுங்க யாரும் வாங்கலை மேடம்” என்றாள் கோந்து, கோச்சின் கையைப் பார்த்தபடி.