ஈரிழைத் துண்டு

அந்தக் கை மட்டும் நினைவுக்கு வரவில்லை.

முகம் முடிந்துவிட்டது. வெள்ளைச் சட்டை முடிந்துவிட்டது. பிரம்பு நாற்காலியின் பின்னலைக்கூடக் கண்ணி கண்ணியாக முடித்துவிட்டாள். நாற்காலியின் கைப்பிடிமேல் வரவேண்டிய கணவரின் வலது கை மட்டும் கரிக்கோடாகவே நிற்கிறது.

ஐந்து காலைகள் அவர் உட்கார்ந்து கொடுத்தார்.

ஆறாவது காலை அவர் எழுந்திருக்கவில்லை.

நாளையோடு ஒரு வருஷம்.

"ஃபோட்டோவப் பாத்துப் போட்டுடேம்மா" என்றாள் மஞ்சரி. நேற்றே வந்துவிட்ட மகள். கையில் சுத்தியல்.

"எந்த ஃபோட்டோவுல கை இருக்கு, காட்டு."

மஞ்சரி தன் போனில் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். ஒன்றில் கை முதுகுக்குப் பின்னால். ஒன்றில் யாரோ ஒருவரின் தோளுக்கு அப்பால். ஒன்றில் போதும் போதும் என்று ஆட்டியதில் கலங்கிப்போயிருந்தது.

போனை வைத்துவிட்டாள்.

எதிரே இல்லாததை அவள் வரைந்ததில்லை. நாற்பது வருஷப் பிடிவாதம். தம்ளர், வெங்காயம், மழைக்குப் பிந்தைய கொடிக்கயிறு, எதுவானாலும் எதிரே இருக்கவேண்டும். மணிக்கணக்கில் பார்ப்பாள். இரண்டு எலுமிச்சைகளில் எதன் காம்புக்குழி ஆழம் என்று இன்றைக்கும் சொல்வாள்.

அவர் மோதிர விரல் நேரானதா, சற்றே சாய்ந்ததா?

தெரியவில்லை.

கொள்ளிடக் கரைக்கு வரையப் போனால் அவர்தான் குடை பிடிப்பார். மணலில் விழுந்த அந்தக் குடையின் நிழல் நாலைந்து படங்களில் இருக்கிறது. பிடித்தவர் ஒன்றிலும் இல்லை.

வீட்டில் பழம் வைத்து வரைந்தால் வேறு தொல்லை. அவள் வண்ணம் குழைக்கத் திரும்புகிற நேரம் பார்த்து ஒன்று குறையும்.

"என்ன ஓவியரே, மாடல் ரொம்ப இனிப்பு" என்பார், வாய் நிறைய.

மஞ்சரி கூடத்துச் சுவரை அண்ணாந்து பார்த்தாள். "அப்பாவ இங்க மாட்டலாம். புதுசா ஆணி வேணாம். இந்தக் கொய்யாவ எடுத்துடட்டுமா?"

கழற்றி அம்மாவிடம் கொடுத்தாள்.

பழைய படம். மேசைமேல் நான்கு கொய்யாக்கள், ஒரு கத்தி, மடித்துப் போட்ட ஈரிழைத் துண்டு. கண்காட்சிக்குப் போய்த் திரும்பி வந்தது. தூசி தட்ட அவள் அதை ஜன்னலுக்குக் கொண்டுபோனாள்.

காலை வெயில் பக்கவாட்டில் விழுந்தது.

துண்டின் மடிப்புகளுக்குக் குறுக்கே மேடுகள் தெரிந்தன.

நான்கு. கொஞ்சம் தள்ளி, குட்டையாக, இன்னொன்று.

அவள் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

இதை வரைந்த அன்றைக்கு அவர் ஐந்தாவது கொய்யாவின்மேல் கை வைத்தபோது அவள் திரும்பிவிட்டாள். கோபம். "அப்படியே இருங்க. அசையக் கூடாது." தண்டனைபோல இரண்டு மணி நேரம். தோள் மரத்துப்போய் அவர் கெஞ்சக் கெஞ்ச, அந்தக் கையை அப்படியே படத்துக்குள் வைத்தாள். அந்த நாட்களில் வண்ணத்தைக் கத்தியால்தான் அப்புவாள். தடிமனாக.

கண்காட்சிக்குப் படம் தேர்வு செய்ய வந்தவர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு சொன்னார்: "பழம் பிரமாதம். கைதான் இடைஞ்சல்."

அவளுக்கும் அப்படித்தான் பட்டது.

கையின்மேல் ஒரு துண்டைப் போட்டுவிடலாம் என்று முடிவு செய்தாள். ஆனால் எதிரே இல்லாததை வரையமாட்டாளே. தன் தோளில் கிடந்த துண்டைக் கணவரே எடுத்து மடித்து மேசைமேல் போட்டார்.

"மடிப்பு சரியா இருக்கா பாரு."

சரியாக இருந்தது. கை மறைந்தது. படம் தேர்வாயிற்று. எல்லோரும் துண்டை மெச்சினார்கள்.

"அம்மா?"

துண்டைச் சுரண்டினால் கையும் சேர்ந்து வந்துவிடும். அது அவளுக்குத் தெரியும். கண்ணை மூடிக்கொண்டு மேட்டின்மேல் விரலை வைத்தாள்.

ஆள்காட்டி விரல். நடுவிரல்.

மோதிர விரலில் நின்றாள். கணு தாண்டியதும் அது லேசாக நடுவிரல் பக்கம் சாய்ந்தது.

சாய்ந்ததுதான்.

சும்மா கிடந்த கை இல்லை அது. விரல்கள் வளைந்திருந்தன. உள்ளே உருண்டையாக ஓர் இடம்.

"மஞ்சரி, கீழ தள்ளுவண்டி நிக்குதா பாரு. ஒரு கொய்யா வாங்கிட்டு வா."

"ஒண்ணே ஒண்ணா? அந்தம்மா என்னைத் திட்டும்."

"திட்டட்டும். காம்போட கேளு."

கொய்யா வந்தது. பாதி மஞ்சள், பாதி பச்சை. காம்பில் ஓர் இலை.

பிரம்பு நாற்காலி ஒரு வருஷமாக அதே இடத்தில்தான் இருக்கிறது. அதன் கைப்பிடிமேல் பழத்தை வைத்தாள். உருண்டது. பிடித்து, காம்பு உள்பக்கம் பார்க்கத் திருப்பி, மறுபடி வைத்தாள். இம்முறை நின்றது.

ஈஸலைச் சற்று நகர்த்திப் போட்டாள்.

பிறகு நாற்காலிக்கு முதுகைக் காட்டி நின்று, வண்ணம் குழைக்கத் தொடங்கினாள்.

கொஞ்சம் காவி. கொஞ்சம் வெள்ளை. போதும்தான்.

மறுபடியும் குழைத்தாள்.

வேண்டுமென்றே, நேரம் எடுத்துக்கொண்டு.