செய்தி கொண்டு வருபவன்

"அவகிட்ட ஒண்ணும் சொல்லிராதம்மா. நாங்க காரெடுத்துட்டு வந்துட்டு இருக்கோம். அதுக்குள்ள எதையாவது சாப்பிட வச்சிரு" என்று பெனிட்டாவிடம் சொல்லிவிட்டு இசக்கியின் மாமா போனை வைத்தார். இசக்கியின் அம்மா அன்று காலையில் இறந்துபோயிருந்தாள். பெனிட்டா முகத்தைக் கழுவிக்கொண்டு, ஹாஸ்டல் மெஸ்ஸில் தயிர்சாதம் வாங்கிக்கொண்டு, இருவரும் தங்கியிருந்த அறைக்குப் போனாள்.

இசக்கி கட்டிலில் புத்தகத்தை விரித்து வைத்திருந்தாள். மறுநாள் கிரேக்கத் துன்பியல் நாடகத் தேர்வு.

"பசிக்கலட்டி. நீ வார்த்தையக் கேளு, நான் அர்த்தம் சொல்லுதேன்."

"சரி, ஒவ்வொரு வார்த்தைக்கும் ஒரு வாய்" என்று பெனிட்டா சாதத்தைப் பிசைந்தாள். "ஹமார்ட்டியா?"

"நாயகன் தெரியாமச் செய்யுத தப்பு." வாயில் வாங்கிக்கொண்டு சிரித்தாள். "எங்கம்மா மாதிரியே பெருசா உருட்டுதியே."

"கோரஸ்?"

"எல்லாம் தெரிஞ்சும் தடுக்க முடியாம, கூடவே நின்னு பாடுத கூட்டம்."

ஊறுகாய் எடுப்பதுபோல் பெனிட்டா அலமாரிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். திரும்பி வர நேரமாயிற்று.

"மெசஞ்சர்?"

"சாவை மேடையில காட்ட மாட்டாங்க. ஒருத்தன் வந்து சொல்லுவான்." இசக்கி மென்றபடியே யோசித்தாள். "அவனப் படிச்சாலே எனக்குக் கோவமா வரும்ட்டி. செத்துட்டாங்கன்னு ஒரு வரியில சொல்லாம, பக்கம் பக்கமா ஏன் இழுக்கான்?"

கீழே கேட்டைத் திறக்கும் சத்தம் கேட்டது. கார் ஒன்று உள்ளே வந்து நின்றது. தட்டில் இன்னும் கொஞ்சம் சாதம் இருந்தது.

"ஆ காட்டு, சொல்லுதேன்" என்றாள் பெனிட்டா.

இசக்கி வாயைத் திறந்தாள்.