வியாழக்கிழமை மாமியார்

“சார், தப்பா நெனைக்காதீங்க. முகாமுக்குப் போற நம்ம கவுன்சிலர் மேடம் அங்க கவுன்சிலிங் குடுக்கல. வாங்கிட்டு வருது!”

ஜீப் டிரைவர் ராசாங்கம் சொன்னதும் டாக்டர் அறிவரசன் நிமிர்ந்தார். அரியலூரிலிருந்து மாறுதலாகி, பெரம்பலூர் மனநலப் பிரிவில் பொறுப்பேற்றுக் கொஞ்ச நாள்தான் ஆகிறது.

“என்னய்யா சொல்ற?”

“சத்தியமா சார். வியாழக்கிழமையானா சத்யப்பிரியா மேடத்த இலங்கைத் தமிழர் முகாமுல கொண்டுபோய் விடுறேன். ‘என் மாமியா இப்படிப் பண்ணுது, அப்படிப் பண்ணுது’ன்னு அங்க உள்ள பொம்பளைங்ககிட்ட இது அழுவுது. அவங்கதான் தலையத் தடவி, சமாதானம் சொல்லி அனுப்புறாங்க.”

அடுத்த வியாழன், சொல்லாமல் கொள்ளாமல் டாக்டர் தன் பைக்கில் முகாமுக்குப் போய் இறங்கினார்.

சமுதாயக் கூடத்தில் ஏழெட்டுப் பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, மண்டிக்காரர் இறக்கிவிட்டுப் போன சின்ன வெங்காயத்துக்கு வால் அறுத்துக்கொண்டிருந்தார்கள். நடுவில் சத்யப்பிரியாவும் கையில் கத்தியோடு. எல்லார் கண்ணிலும் தண்ணீர். வெங்காயத்தாலா, வேறெதாலா என்று யாரும் யாரையும் கேட்க வேண்டியதில்லை.

“ராத்திரி படுத்தா மாமியா பேசுனதே காதுல ஓடுதுக்கா. தூக்கமே வரல” என்றாள் சத்யப்பிரியா.

“எனக்கும் நித்திரை இல்லைப் பிள்ளை” என்றாள் பக்கத்திலிருந்த யோகமலர். ஐம்பது வயதிருக்கும். “கண்ணை மூடினா வள்ளத்தில வந்ததுதான் ஞாபகம். என்ர தம்பிட கையை நான்தான் பிடிச்சிருந்தனான். அலை அடிச்ச நேரம் நழுவிட்டுது.”

கத்திகள் நின்றன. ஒருத்தி நகர்ந்து வந்து யோகமலரின் தோளை அணைத்துக்கொண்டாள்.

“இத யார்கிட்டயாவது சொல்லியிருக்கீங்களாக்கா?” என்றாள் சத்யப்பிரியா.

“இண்டைக்குத்தான் பிள்ளை.”

வாசலோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்த டாக்டர், கொஞ்ச நேரம் பொறுத்து சத்யப்பிரியாவை வெளியே கூப்பிட்டார். அவர் முகம் சிவந்திருந்தது.

“அந்தம்மா தம்பியக் கடல்ல விட்டுட்டு வந்து நிக்கிறாங்க. அவங்ககிட்டப் போயி உங்க மாமியா சண்டையச் சொல்லி அழுவுறீங்களே! பேஷண்ட்கிட்ட சொந்தக் கதை பேசக்கூடாதுன்னு படிக்கலயா? அடுத்த வாரத்துலேர்ந்து நீங்க இங்க வர வேணாம். உங்க வீட்டுக்காரர் நம்பரக் குடுங்க, நான் பேசிக்கிறேன்.”

சத்யப்பிரியா தலையைச் சொறிந்தாள்.

“எனக்கு இன்னும் கல்யாணமே ஆகல சார்.”

“பின்ன, மாமியா?”

“அது சும்மா சார்.” குரலைத் தாழ்த்தினாள். “மொதல்ல மேசை நாற்காலி போட்டு, ‘மனநல ஆலோசனை’ன்னு பேனர் கட்டிதான் உக்காந்தேன். ஒருத்தர் வரல. ‘நாங்கள் என்ன விசரியளோ’ன்னு கேட்டாங்க. விசர்னா அவங்க பேச்சுல பைத்தியம். அப்பறந்தான் யோசிச்சேன். அரிசி, பாய், உதவித்தொகை, அனுதாபம்னு இத்தனை வருஷமா வாங்கிட்டே இருக்கறவங்க. ஆறுதலையும் கை நீட்டி வாங்குங்கன்னா எப்படி சார்? அதான் நான் வாங்கறவளாயிட்டேன். எனக்கு ஆறுதல் சொல்ல வந்தாங்க. தன்னால அவங்க கதையும் வந்துருச்சு.”

டாக்டருக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“சரி, நடத்துங்க. ஆனா மாட்டிக்காதீங்க.”

“சான்சே இல்ல சார். அப்படியே நம்பிட்டாங்க.”

அவள் உள்ளே போனாள். டாக்டர் பைக்கை எடுக்கும்போது யோகமலர் அவசரமாக ஓடி வந்தாள்.

“டாக்குத்தர் ஐயா, அந்தப் பிள்ளையை ஏசாதேங்கோ. வேலையால நிப்பாட்டிப் போடாதேங்கோ.”

“இல்லம்மா, ஒண்ணும் சொல்லல. பாவம், அதுக்கு ஏற்கெனவே மாமியா தொல்லை” என்றார் டாக்டர், முகத்தைச் சீரியஸாக வைத்துக்கொண்டு.

யோகமலர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

“கழுத்தில தாலியில்லை, காலில மெட்டியில்லை. மாமியார் மட்டும் எங்கயிருந்து ஐயா வந்தவ?”

டாக்டருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

“அப்ப... உங்களுக்குத் தெரியுமா?”

“முதல் நாளே எல்லாருக்கும் தெரியும். அதுக்கு முதல் அந்தப் பிள்ளை கிழமைக்குக் கிழமை மேசையைப் போட்டுக்கொண்டு, தனிய குந்தியிருந்திட்டுப் போகும். பார்க்கப் பாவமாக் கிடந்தது. ஆரும் கதைக்காட்டி வேலை போயிடுமெண்டுதான் நாங்களும் கதைக்கத் தொடங்கினனாங்கள்.”

“அத அதுகிட்டயே சொல்லியிருக்கலாமே?”

“ஐயோ, சொல்லிப் போடாதேங்கோ! வெக்கத்தில வராமல் விட்டிடும். பிறகு நாங்கள் ஆரிட்டப் போய் அழுறது?”