ரயில்வே கேட்டில் இரண்டு விசிறிகள்

பழைய காரின் இரும்பு விசிறிக்கு வயிறு பற்றி எரிந்தது. எஞ்சின் ஓடும்வரை அதோடு சேர்ந்து ஓயாமல் சுற்றுவது அது. ரேடியேட்டருக்கு முன்னால் புதிதாக மாட்டிய மின்விசிறியோ காலையிலிருந்து அசையவே இல்லை.

"தண்டச்சோறு! அவனுக்கு உடம்பு வளையுதா பாரு!" என்று பொருமியது இரும்பு விசிறி.

ரயில்வே கேட்டில் கார் நின்றது. எஞ்சின் வேகம் குறைய, இரும்பு விசிறியும் தளர்ந்தது. ரேடியேட்டர் கொதித்தது. மின்விசிறி சட்டென விழித்து, சூடு தணியும்வரை வீசிவிட்டு நின்றது.

கேட் திறந்து கார் பறந்தது. எதிர்க்காற்றே ரேடியேட்டரைக் குளிர்விக்க, இரும்பு விசிறி வெறிபிடித்துச் சுற்றியது.

"பார்த்தியா, மறுபடி தூங்கிட்டான்!"

"நான் கொதிச்சப்ப நீ என்னடா பண்ணிக்கிட்டிருந்தே?" என்று சீறியது ரேடியேட்டர்.

"ஏன், சுத்திக்கிட்டுத்தானே இருந்தேன்!"