ஒற்றைத் தடம்

ஜப்பானில் ஒரு துறைமுக ஊரிலிருந்து நூற்பாலை வரை மூன்றே மைல் நீளத்துக்கு ஒரு ரயில் பாதை ஓடியது. அதில் இரண்டு தடங்கள். ஆட்களை வேலைக்குக் கொண்டுபோனது மூத்த தடம். ஆறு வருஷம் கழித்துப் போட்ட இளைய தடம் அவர்களை வீட்டுக்குக் கொண்டுவந்தது. "அண்ணே, இன்னைக்குக் கூட்டம் அதிகமா?" என்று தம்பி தினமும் விசாரிக்கும்.

போர் வந்தது. ஓர் அதிகாரி இரும்பு தேடி வந்தார்.

"பீரங்கி செய்ய ஒரு தடம் வேணும். எதைப் பெயர்க்கலாம்?"

மூத்தது முந்திக்கொண்டது. "ஐயா, நான் இல்லேன்னா ஆலை நின்னுடும். வீடு திரும்புறவங்க நடந்துகூட வரலாமே."

"அண்ணே!" என்றது தம்பி.

மூன்றே நாளில் தம்பியைப் பெயர்த்து வண்டியில் ஏற்றினார்கள். அந்த வண்டியும் மூத்ததன் மேல்தான் போனது. அந்தக் கனம் அதை அழுத்தியது. ஆனாலும் தப்பித்தோமே என்றிருந்தது.

பிறகு போகிற ரயிலும் வருகிற ரயிலும் அதன் மேலேயே ஓடின. ஓய்வில்லாமல் தேய்ந்தது. போர் தோல்வியில் முடிந்ததும் ஓர் இஞ்சினியர் வந்தார். பக்கத்தில் புல் மண்டிய ஜல்லியைப் பார்த்தார்.

"இங்கே இன்னொரு தடம் இருந்ததா? இருந்திருந்தா திரும்பப் போட்டுத் தரச் சொல்லி உத்தரவு."

புதுத் தடம் வந்தால் பழைய பேச்சும் கிளம்புமே என்று மூத்தது பயந்தது.

"இல்லீங்க ஐயா. நான் எப்பவும் தனிதான்."

இஞ்சினியர் தலையாட்டிவிட்டு, அந்த ஜல்லியை வாரி அப்புறப்படுத்தச் சொன்னார்.