யாரோ திறக்கும் தண்ணீர்

இன்றைக்குப் போய்த் தண்ணீரை நிறுத்துவதில்லை என்று முடிவு செய்துவிட்டார் செக்கர். ஹால் ஜன்னல் திரைக்குப் பின்னால், மூச்சுச் சத்தம்கூட வெளியே கேட்காதபடி, கைத்தடியை இறுகப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

வெளியே புல்வெளியில் தெளிப்பான்கள் தரையிலிருந்து தலையை நீட்டி, சுற்றிச் சுற்றித் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. வேலிக்கு அந்தப் பக்கம், பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா ஜன்னலில் நின்று இந்தப் புல்லையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் போன்.

'வாங்கம்மா, வாங்க. இன்னைக்கு உங்க குட்டு உடையப்போகுது' என்று மனசுக்குள் கறுவிக்கொண்டார்.

ரயிலில் டிக்கெட் பரிசோதகராக இருந்து ஓய்வு பெற்றவர். அதனால் தெருவுக்கே அவர் செக்கர்தான். முகத்தைப் பார்த்தே டிக்கெட் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். மனைவி இருந்தவரை, "நானும் இந்த வீட்டுக்கு டிக்கெட் வாங்கிட்டுத்தாங்க வந்தேன்" என்று கேலி செய்வாள்.

அந்தப் புல்வெளி அவள் வளர்த்தது. அவள் போன பிறகு, வெளியூரில் இருக்கும் மகள் வந்து இந்தத் தானியங்கிக் கருவியைப் பொருத்தினாள். "மண்ணு காஞ்சா அதுவே தண்ணி விடும், மழை பெஞ்சா அதுவே சும்மா இருந்துடும். நீங்க குழாயைப் பிடிச்சிக்கிட்டு வழுக்கி விழ வேண்டாம்ப்பா."

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஹாலில் ஒரு கேமராவையும் மாட்டப் பார்த்தாள். "நான் என்ன ஜெயில்லயா இருக்கேன்?" என்று இவர் கத்த, அவள் அழ, பேச்சு தடித்துப்போனது. அன்றிலிருந்து மகள் போன் செய்தால் இவர் எடுப்பதே இல்லை.

கருவி என்னவோ சமர்த்தாகத்தான் இருந்தது. விடிவதற்குள் புல்லை நனைத்துவிட்டு அடங்கிவிடும். ஆனால் கொஞ்ச நாளாக, இவர் காபியும் பேப்பருமாக உட்கார்ந்தாரோ இல்லையோ, மறுபடியும் 'புஸ்'ஸென்று பீய்ச்ச ஆரம்பித்தது. கொட்டுகிற மழையில்கூட விடவில்லை.

தினம் தினம் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடி, வாசல் சுவரில் இருக்கும் பெட்டியின் பட்டனை அழுத்தி நிறுத்துவதே பிழைப்பாகிப்போனது. பொறுத்துப் பார்த்துவிட்டு நேற்று மெக்கானிக்கை வரவழைத்தார்.

"மெஷின்ல கோளாறே இல்ல சார். யாரோ போன்ல இருந்து திறந்து விடுறாங்க."

"யாரு?"

"பாஸ்வேர்டு தெரிஞ்சவங்க யாரா வேணும்னாலும் இருக்கலாம். நீங்க பட்டனை அழுத்தினதும், கையால நிறுத்தியாச்சுன்னு அந்தப் போனுக்குத் தகவலும் போயிடும்."

"அப்போ நான் விழுந்தடிச்சு ஓடிவர்றது அங்க தெரியுமா?"

"நல்லாவே தெரியும் சார்."

செக்கருக்கு மூக்கு வியர்த்தது. கருவி பொருத்திய அன்று வேலிக்கு மேல் எட்டிப் பார்த்து, போனும் கையுமாக மகளோடு குசுகுசுவென்று பேசிக்கொண்டிருந்தது யார்? இந்தத் தையல்காரம்மாதானே! பாஸ்வேர்டை அப்போதே சுட்டிருக்கிறாள். அவள் வீட்டுப் பூனை புல்லை அசிங்கம் செய்கிறது என்று இவர் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டதற்குப் பழி வாங்குகிறாள்.

பதுங்கியிருக்கும்போது சத்தம் வந்து காரியத்தைக் கெடுத்துவிடக் கூடாதென்று தன் போனைக்கூட அணைத்து வைத்திருந்தார். தண்ணீர் பாட்டுக்கு ஓடியது. திரையை லேசாக விலக்கிப் பார்த்தார்.

தையல்காரம்மா நிலைகொள்ளாமல் தவித்துக்கொண்டிருந்தாள். போனைப் பார்ப்பதும், இந்த வாசலைப் பார்ப்பதுமாக இருந்தாள். 'கிழவன் ஏன் இன்னும் ஓடிவரலைன்னு பாக்குறீங்களா? நல்லாப் பாருங்க.' செக்கருக்கு உள்ளுக்குள் சிரிப்பு பொங்கியது.

அப்போது அவள் போன் அடித்தது. எடுத்துக் காதில் வைத்தவளின் முகம் மாறியது. அடுத்த நொடி ஜன்னலில் ஆளைக் காணோம்.

கழுத்தில் அளவு டேப் தொங்க, வெறுங்காலோடு வெளியே ஓடி வந்தாள். தெருவைச் சுற்றி வரக்கூடப் பொறுமையில்லை. வேலியைத் தாண்டிக் குதித்தாள். பீய்ச்சியடிக்கிற தண்ணீருக்குள்ளேயே புகுந்து, வழுக்கி விழுந்து, எழுந்து, தொப்பலாக நனைந்தபடி வாசலுக்கு வந்து கதவைத் தடதடவென்று தட்டினாள்.

"சார்! சார்!"

செக்கர் மூச்சு விடவில்லை. அவள் சுற்றுமுற்றும் பார்த்தாள். பூந்தொட்டிக்கு அண்டக் கொடுத்திருந்த கல்லை உருவி எடுத்து, ஜன்னல் கண்ணாடியை நோக்கி ஓங்கினாள்.

இதற்கு மேல் என்ன சாட்சி வேண்டும்? கதவைப் படாரென்று திறந்துகொண்டு பாய்ந்தார்.

"மாட்டிக்கிட்டீங்களா! தண்ணியைத் திறந்து விட்டது பத்தாதுன்னு கண்ணாடியை வேற உடைக்க வந்துட்டீங்களா? யாரைக் கேட்டு என் வீட்டுத் தண்ணியைத் தொட்டீங்க? இருங்க, போலீசைக் கூப்பிடுறேன்!"

கல் அவள் கையிலிருந்து நழுவி விழுந்தது. அவரைத் தலை முதல் கால் வரை பார்த்தாள். அப்படியே வாசற்படியில் உட்கார்ந்தாள்.

"வாயைத் திறந்து பதில் சொல்லுங்கம்மா!" என்று கைத்தடியால் தரையைத் தட்டினார் செக்கர்.

அவள் ஈரக்கையில் இறுக்கிப் பிடித்திருந்த போனைக் காதுக்குக் கொண்டுபோனாள்.

"அழாத கண்ணு, உங்கப்பா நல்லாத்தான் இருக்காரு... தண்ணியை நிறுத்தத்தான் இன்னைக்கு வரல."